வாயிற்கதவைப் பூட்டினால் போதுமா?

கொள்ளைநோய் ஒன்று ஊருக்குள் வந்துவிட்டது என்ற செய்தி எட்டியவுடன் முதியோர் இல்லங்கள் செய்கின்ற முதற்காரியம் வாயிற்கதவைப் பூட்டுவது. அந்தப் பூட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் பழமும் மருந்தும் வாங்கிக்கொண்டு வருகிற மகனைத் தடுக்கிறது. விடுமுறைக்கு வந்த பேத்தியைத் தடுக்கிறது. ஆனால், காலையில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்து, பொழுது சாயும்வரை ஒரே கூடத்தில் பலருக்கு ஊட்டியும் குளிப்பாட்டியும் உடை மாற்றியும் விட்டு வீடு திரும்புகின்ற பராமரிப்புப் பெண்ணை அது தடுப்பதில்லை. தடுத்தால் இல்லமே நடவாது. கோவிட் காலத்தில் உலகமெங்கும் முதியோர் விடுதிகள் பட்ட துயரத்தின் சாரம் இதுதான்: காவல் முழுவதும் வருவோர்மீது வைக்கப்பட்டது, பணிசெய்வோருக்குக் காப்பு எதுவும் செய்து தரப்படவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கோவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. ஆயினும் நோய் முடிந்துவிடவில்லை. 2025-ஆம் ஆண்டின் மே, ஜூன் மாதங்களில் அது தமிழகம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் மறுபடியும் தலைகாட்டியது. அதே மே மாதம் 20-ஆம் தேதி, ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, அடுத்த பெருந்தொற்றை எதிர்கொள்வதற்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. தேசங்கள் அடுத்த ஆபத்துக்கு ஆயத்தமாகின்ற இவ்வேளையில், நம் செங்கல்பட்டு மாவட்டத்து முதியோர் இல்லங்கள் எதற்கு ஆயத்தமாக இருக்கின்றன என்ற வினாவை எழுப்புவது மிகையன்று.

கடற்கரையோரத்துப் புதிய குடியிருப்பு

செங்கல்பட்டு, 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. தாம்பரத்திலிருந்து மதுராந்தகம்வரை ஜிஎஸ்டி சாலையை ஒட்டியும், கோவளம், மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் செல்வோர், முதியோர் இல்லங்களின் பெயர்ப்பலகைகளை வழிநெடுகக் காணலாம். சென்னையில் வேலைபார்க்கும் பிள்ளைகள் வந்து போகத்தக்க தூரம், நகரத்தைவிடக் குறைந்த நிலவிலை, கடற்காற்று, பெரிய ஆஸ்பத்திரிகளின் அண்மை ஆகிய இவை யாவும் சேர்ந்து இப்பிரதேசத்தை முதுமையின் புகலிடமாக ஆக்கியிருக்கின்றன.

இவற்றுள் தர்ம ஸ்தாபனங்கள் உண்டு. மாதக் கட்டணம் பெறுகின்ற இல்லங்கள் உண்டு. வாடகை வீட்டில் ஒரு தம்பதியர் நடத்துகின்ற சிறு காப்பகங்கள் உண்டு. நீச்சல் குளமும் பிரார்த்தனைக் கூடமும் கொண்ட, செல்வர்க்கான ஓய்வுக் குடியிருப்புகளும் உண்டு. கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பினும், ஒரு விஷயத்தில் இவையனைத்தும் ஒன்றே: வயதால் நலிந்த பலர் ஒரே கூரையின்கீழ், ஒரே சமையலறை உணவை உண்டு, ஒரே கைகளின் பணிவிடையைப் பெற்று வாழ்கின்றனர்.

மத்திய அரசு அமைத்த ஜனத்தொகை மதிப்பீட்டுக் குழுவின் கணக்குப்படி, தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் அது 18.2 சதவீதமாக உயரும். கேரளத்துக்கு அடுத்து மிக விரைவாக மூப்படைகின்ற மாநிலங்களுள் நம்முடையதும் ஒன்று. ஆகவே இல்லங்கள் பெருகுவது திண்ணம். அவை பாதுகாப்பானவையாகவும் பெருகுமா என்பதே கேள்வி.

கணக்கில் சேராத மரணங்கள்

கோவிட் முதல் அலையில், சென்னைக்கு அடுத்தபடி அதிகத் தொற்றைக் கண்ட மாவட்டங்களுள் செங்கல்பட்டும் ஒன்று. அக்காலத்தில் தமிழக சுகாதாரத்துறை ஒவ்வொரு மாலையும் வெளியிட்ட அறிக்கையில், இறந்தவரின் வயது, பாலினம், மாவட்டம், அவருக்கிருந்த இணைநோய்கள், உயிர் பிரிந்த மருத்துவமனை ஆகியவை ஒழுங்காக இடம்பெற்றன. அந்த வெளிப்படைத்தன்மை பாராட்டத்தக்கது. ஆனால், நோயுற்றபோது அவர் தம் வீட்டில் வாழ்ந்தாரா, அன்றி ஓர் இல்லத்தில் வாழ்ந்தாரா என்ற ஒரு விவரம் மட்டும் அதில் இல்லை.

கனடாவில் அந்த விவரம் கேட்கப்பட்டது. அதனாலேயே, 2020 மே இறுதிவரை அந்நாட்டில் கோவிடினால் இறந்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தொருவர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்கள் என்ற பயங்கர உண்மை வெளிப்பட்டது; நாடே தலைகுனிந்தது; அதற்கு முன்னரே ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் இல்லங்களுக்கு ராணுவத்தை அனுப்ப நேர்ந்திருந்தது. ஹாங்காங்கில் 2022-இன் தொடக்கத்தில் எழுந்த அலையில் மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதியோர் விடுதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதும் எண்ணிப் பார்த்ததனால்தான் தெரியவந்தது. இங்கே நாம் எண்ணவில்லை. எண்ணாத காரணத்தால், நம் இல்லங்களில் அப்படியொன்றும் நேரவில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்ள வசதியாயிற்று.

இந்தியாவிலும் எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. 2020 ஜூன் மாதத்தில் சென்னை ராயபுரத்து அரசு குழந்தைகள் காப்பகத்தில் 35 குழந்தைகளுக்குத் தொற்று உறுதியானபோது, உச்ச நீதிமன்றமே மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், முதியோர் இல்லங்களின் பராமரிப்பாளர்களுக்கு முகக்கவசம் முதலிய பாதுகாப்புச் சாதனங்கள் வழங்கப்படவேண்டுமென்று அதே நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2021 நவம்பரில் மகாராஷ்டிர மாநிலம் தாணே மாவட்டத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் 67 பேருக்குத் தொற்று கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் இரண்டு தவணைத் தடுப்பூசியும் செலுத்திக்கொண்டவர்கள். செய்திகள் சில நாள் பேசப்பட்டன. பிறகு வேறு செய்திகள் வந்தன.

நோய் நுழைகின்ற வழி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாண்ட் என்னும் ஊரிலிருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் 2020 பிப்ரவரி இறுதியில் முதல் தொற்று கண்டறியப்பட்டது. மார்ச் 18-ஆம் தேதிக்குள் அதனோடு தொடர்புடைய 167 பேருக்கு நோய் உறுதியாயிற்று: 101 பேர் அங்கு வசித்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். வசித்தவர்களில் மூவரில் ஒருவர் மாண்டார். ஆராய்ந்த அதிகாரிகள் கண்ட காரணங்களுள் இரண்டு நம் கவனத்துக்குரியவை: உடல்நலமில்லாமலே பணிக்கு வந்தவர்கள் இருந்தார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலைசெய்தவர்கள் நோயை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்றார்கள்.

இதை அவர்களுடைய அலட்சியம் என்று சொல்பவர், அவர்களுடைய சம்பளச் சீட்டைப் பார்த்தவரல்லர். வேலைக்கு வராத நாளுக்குக் கூலியில்லை என்ற நிலையிலுள்ள ஒருத்தி, இலேசான தொண்டைவலிக்காக வீட்டில் படுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. நம் பகுதியிலும், அருகிலுள்ள கிராமங்களிலிருந்து வருகிற ஆயாக்களும், ஏஜென்சிகள் மூலம் அனுப்பப்படும் பராமரிப்பாளர்களும், ஓரிடத்தில் பகலும் வேறிடத்தில் இரவுமாக உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுபவர்கள். காய்ச்சலை மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு வருவது அவர்களுக்குக் குற்றமாகத் தோன்றாது, ஜீவனமாகத் தோன்றும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதைப் புரிந்துகொண்டது. 2020-இல் அது, ஒரு பணியாளர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலைசெய்யலாம் என்று உத்தரவிட்டதோடு நில்லாமல், அதனால் அவருக்கு வருமானம் குறையாதபடி ஊதியத்தையும் உயர்த்தி ஈடுசெய்தது. உத்தரவை மட்டும் போட்டுவிட்டு ஊதியத்தை மறந்திருந்தால், அவ்வுத்தரவு காகிதத்திலேயே இருந்திருக்கும்.

நோய் நுழைய இரண்டாவது வழி, மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழி. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் படுக்கைகளைக் காலிசெய்யும் அவசரத்தில், பரிசோதனையின்றி முதியோர்கள் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். நோய்க்குறி இல்லாதவரிடமிருந்தும் தொற்று பரவக்கூடும் என்ற அபாயத்தைக் கருதாமல் வகுக்கப்பட்ட அக்கொள்கை சட்டவிரோதமானது என்று, 2022 ஏப்ரல் 27 அன்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டயாலிசிஸுக்கும் கண் அறுவைக்கும் எலும்பு முறிவுக்கும் இங்கிருந்து சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் போய் மீள்கின்ற முதியோர்கள் நம்மிடையேயும் நிரம்ப உண்டு.

முதுமையில் நோயின் முகம் வேறு

வாசலில் நின்று நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டுவது எங்கும் வழக்கமாயிற்று. அதனால் பிரயோஜனம் சொற்பம். கிர்க்லாண்டுக்கு அருகிலேயே வேறோர் இல்லத்தில் நடந்த ஆய்வில், தொற்று உறுதியான முதியோர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பரிசோதனை செய்த நாளில் எவ்வித நோய்க்குறியும் இருக்கவில்லை. பெரும்பாலோருக்கு அது பின்னரே தோன்றியது.

மேலும், வயது முதிர்ந்த தேகம் காய்ச்சலால் பேசுவதில்லை. நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று பிள்ளையின் பெயரை மறக்கிறார், சாப்பாட்டை ஒதுக்குகிறார், கழிவறைக்குப் போகும் வழியில் தடுமாறி விழுகிறார். இதை வயோதிகத்தின் இயல்பென்று விட்டுவிடுகின்ற இரண்டு நாட்களில், அதே கூடத்தில் படுத்திருக்கும் பலருக்கும் நோய் பரவிவிடுகிறது. விரலில் மாட்டி உயிர்வளி அளவு பார்க்கும் கருவியும், தினமும் உண்ட அளவைக் குறித்துவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும், அதைப் படித்துணரப் பழகிய ஒரு கண்ணும் இருந்தால், விலையுயர்ந்த இயந்திரங்கள் சாதிக்காததைச் சாதிக்கலாம்.

இம்மாவட்டம் முன்பே கற்ற பாடங்கள்

அந்நிய தேசங்களின் அனுபவத்தை இவ்வளவு எடுத்துக்காட்டிய பிறகு, சொந்த மண்ணின் சரித்திரத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஏனெனில், தொற்றுநோயும் மனிதர்களை ஒன்றாக அடைத்துவைக்கும் ஸ்தாபனமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைச் செங்கல்பட்டுச் சீமை ஒரு நூற்றாண்டுக்காலமாகப் பரிசீலித்து வந்திருக்கிறது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. தொழுநோயாளியை ஊரைவிட்டு விலக்குவதே பரிகாரம் என்று உலகம் நம்பிய காலம் அது. அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் போன்ற மருத்துவர்கள், யாரிடமிருந்து நோய் பரவும், யாரிடமிருந்து பரவாது என்று பகுத்தறிய வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தினர். 1955-இல் மத்திய அரசு அந்த மருத்துவமனையை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதே 1955-இல், மதுராந்தகத்துக்குத் தெற்கே பொலம்பாக்கத்தில், பெல்ஜியம் நாட்டு மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ், நோயாளிகளைச் சுவருக்குள் அடைப்பதற்குப் பதிலாக, கிராமந்தோறும் சென்று மரத்தடியில் அமர்ந்து மருந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். மதில் சாதிக்காததை மரநிழல் சாதித்தது.

க்ஷயரோகத்தின் கதையும் அதுவே. இங்கிலாந்தில் திறந்தவெளிச் சிகிச்சை நிலையம் நடத்திய அனுபவம் பெற்ற டாக்டர் சௌரிமுத்து, 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார்; அந்தப் பெயரை இன்றும் ஒரு ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. மருந்தே இல்லாத அக்காலத்தில், வெளிச்சமும் காற்றும் நிறைந்த வராந்தாக்களே அங்கு பெருஞ்சிகிச்சை. 1956-இல் சென்னையில் அமைந்த க்ஷயரோக ஆராய்ச்சி மையம், 193 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை 1959-இல் வெளியிட்டது: சரியான மருந்து தவறாமல் கிடைத்தால், நெரிசலான ஏழைக் குடிசையில் இருந்தபடியே பெறும் சிகிச்சை, சானடோரியத்தில் பெறும் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரானது, குடும்பத்தார்க்கும் அதனால் கூடுதல் கெடுதி இல்லை. உலகத்துச் சானடோரியங்கள் பல மூடப்படுவதற்கு அந்த ஆய்வு வழிவகுத்தது.

மூன்றாவது பாடம் ஊசியைப் பற்றியது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி, சுமார் 2,60,000 பேரைக் கொண்டு நடந்த பிசிஜி தடுப்பூசி ஆய்வு, வயதுவந்தோருக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அவ்வூசி அப்பகுதியில் தடுக்கவில்லை என்று காட்டி, உலகையே திகைக்க வைத்தது. குழந்தைகளைக் கடுமையான க்ஷயத்திலிருந்து அது காக்கிறது என்பதால் இன்றும் போடப்படுகிறது. தடுப்பூசி இன்றியமையாதது, ஆனால் அது ஒன்றே அரணாகாது. தாணேயில் நிகழ்ந்ததும் அதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது.

அடைப்பது காப்பன்று, காற்று காப்பு, ஊசி ஒன்றே காப்பன்று. இவற்றுள் முதல் இரண்டையும் நமக்குக் கற்பித்த ஊர்களின் பெயர்கள் திருமணி, பொலம்பாக்கம், தாம்பரம். இவை மூன்றும் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கூடமும் குடும்பமும்

கோவளத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் 'தி பான்யன்' என்ற மனநல ஸ்தாபனம் செய்துவருகின்ற ஒரு முயற்சியையும் இங்கு சொல்லவேண்டும். நெடுங்காலம் விடுதியில் தங்கிவிட்ட மனநோயாளிகளை, நான்கைந்து பேராக, சாதாரணத் தெருவில் வாடகை வீடெடுத்துக் குடும்பம்போல் வாழவைப்பது 2015-இல் அது தொடங்கிய திட்டம். அவர்களுடைய கௌரவத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆயினும் தொற்றுநோய்க் கண்கொண்டு பார்த்தாலும் அதன் மேன்மை விளங்கும். நாற்பது பேர் படுக்கும் ஒரு கூடத்தில் ஒருவருக்கு நோய் வந்தால் நாற்பது பேருக்கும் அபாயம். ஐவர் வாழும் வீட்டில் வந்தால் ஐவருக்கு. அமெரிக்காவிலும், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் வாழும் சிறு இல்லங்களில் கோவிட் தொற்றும் மரணமும் பெரிய இல்லங்களைவிடக் குறைவாக இருந்தன.

எல்லா இல்லங்களையும் இடித்துக் கட்ட முடியாது. ஆனால் இருக்கின்ற கூடத்தையே தடுப்பிட்டுச் சிறு பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் அதே பணியாளர்களை நியமித்து, ஒரு பிரிவினர் மற்றொன்றுக்குச் செல்லாதபடி பார்த்துக்கொள்வது எளிதில் கைகூடும் காரியம்.

காற்றைப் பொறுத்தவரை, இக்கடற்கரைக்கு இயற்கை ஒரு சலுகை அளித்திருக்கிறது. கோடையில் பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கும். அதற்குக் கிழக்கிலும் மேற்கிலும் திறப்பு இருந்தால் போதும். ஆனால் கொசுவுக்குப் பயந்து ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. குளிர்சாதன வசதி உயர்தரத்தின் அடையாளமாகி, செல்வர் இல்லங்களின் ஜன்னல்கள் திறக்கவே முடியாத கண்ணாடியாகிவிட்டன. கொசுவலை அடித்த ஜன்னலும், கழிவறையிலும் கூடத்திலும் ஓடுகின்ற வெளியேற்று விசிறியும் தேவை. செலவு சில ஆயிரங்களில் முடியும்.

புயல் காலம் இன்னும் சிக்கலானது. 2020 நவம்பரில் நிவர் புயல் நம் கடற்கரையை நெருங்கியபோது நாடே கோவிடின் பிடியில் இருந்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவில் ஜன்னல் யாவும் சாத்தி, எல்லோரையும் ஒரே கூடத்தில் சேர்ப்பது தவிர்க்க முடியாததாகிறது. கொள்ளைநோயும் புயலும் ஒருசேர வந்தால் யாரை எங்கே மாற்றுவது என்பதை, வானம் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்.

பூட்டின் மறுவிலை

கதவைப் பூட்டியதால் உயிர் காக்கப்பட்ட இடங்களும் இருக்கலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை யாது என்பதைக் கணக்கிட்டவர் சிலரே. மாதக்கணக்கில் பெற்ற பிள்ளையின் முகம் காணாத மறதிநோயாளர், தாம் கைவிடப்பட்டதாகவே எண்ணினார். கைப்பேசித் திரையில் அசைந்த முகம் யாருடையது என்று அவருக்கு விளங்கவில்லை. உணவை மறுத்தவர்கள் உண்டு. நடப்பதை மறந்தவர்கள் உண்டு.

வேறொன்றும் உண்டு: உறவினரின் வருகை என்பது அன்பு மாத்திரமன்று, மேற்பார்வையும் ஆகும். முதுகில் படுக்கைப்புண் இருக்கிறதா, தாயின் எடை குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் கண் மகளுடையது. அந்தக் கண்ணை ஓராண்டு மூடிவைத்த பிறகு உள்ளே நடந்தது யாருக்கும் தெரியாது. ஆகையால்தான் ஒன்டாரியோ மாகாணம், பின்னர், உறவினரில் ஓரிருவரை அத்தியாவசியப் பராமரிப்பாளராக ஏற்று, நோய்க்காலத்திலும் பாதுகாப்புடன் உள்ளே அனுமதித்தது.

பெரிய ஆஸ்பத்திரியை மட்டும் நம்பி

2021 மே 4 இரவு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 நோயாளிகள் மரணமடைந்தனர். உயிர்வளிப் பற்றாக்குறையே காரணம் என்று உறவினர்கள் முறையிட்டனர். அதிகாரிகள் அதை மறுத்தனர். விவாதம் எதுவாயினும், ஒன்று நிச்சயம்: அலை உச்சத்தில் இருக்கும்போது, மாவட்டத்தின் தலைமை மருத்துவமனைகூடத் தாங்கமுடியாத பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். முதியவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவது ஒன்றே இல்லத்தின் திட்டமாக இருக்குமானால், அது திட்டமன்று.

தடுப்பூசி விஷயத்திலும் இதே குறை நேர்ந்தது. 60 வயது கடந்தோருக்கு 2021 மார்ச் 1 முதல் தடுப்பூசி கிடைத்தது. ஆனால் ஆதாரும் கைப்பேசியும் இல்லாத இல்லவாசிகளுக்கான தனி வழிமுறை அதன் பின்னரே வந்தது. படுத்த படுக்கையாக இருப்போர்க்கு வீட்டிலேயே போடலாம் என்று மத்திய அரசு அறிவித்தது செப்டம்பர் 23 அன்று. இரண்டாம் அலையின் உக்கிரம் அதற்குள் ஓய்ந்திருந்தது. இத்தனைக்கும், திருமணியிலேயே பல நூறு கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த மத்திய அரசின் தடுப்பூசி வளாகம் அந்த நெருக்கடியில் ஓர் ஊசியும் தயாரிக்காமல் நின்றது. மாறாக, அதே ஆண்டு ஜூனில் கோவளம் மீனவர் குப்பத்தில், தயங்கி நின்ற மக்களைத் தன்னார்வலர்கள் பிரியாணியும் பரிசுக் குலுக்கலும் அறிவித்து அழைத்துவந்ததை நாடே வியந்து பார்த்தது. மக்களிடம் நாமே செல்லவேண்டும். மக்கள் நம்மிடம் வரட்டும் என்று காத்திருக்கலாகாது.

செய்யத்தக்கவை

முதலாவது, பட்டியல். மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு முதியோர் இல்லமும், சிறியதாயினும் பெரியதாயினும், படுக்கை எண்ணிக்கையோடும் பணியாளர் எண்ணிக்கையோடும் பதிவாகி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைக்கப்பட வேண்டும். எல்லா இல்லங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்க 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வந்த மசோதா, நிறைவேறாமலே 2024-இல் காலாவதியாயிற்று. அதற்காகக் காத்திராமல் மாநில அரசே இதைச் செய்யலாம். பதிவு என்றாலே சோதனை, அபராதம், மூடல் என்று அஞ்சி ஒளிகின்ற சிறு இல்லங்களுக்கு, பதிவுசெய்தால் மருந்தும் செவிலியரும் வருவார்கள் என்ற நம்பிக்கையை ஊட்டவேண்டும்.

இரண்டாவது, நோயுற்ற பணியாளருக்குக் கூலியோடு விடுப்பு. தொற்றுக்காலத்தில் அதன் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கலாம். விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வர, மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தெரிந்தெடுத்து, முன்கூட்டியே பயிற்சியளித்து, வட்டந்தோறும் ஆயத்தமாக வைக்கலாம். இல்லங்களின் காப்பு முழுவதும் இந்த ஒன்றில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது, ஒவ்வொரு இல்லத்திலும் கழிவறையோடு கூடிய ஒரு தனியறை. மருத்துவமனையிலிருந்து திரும்புவோரும் புதிதாகச் சேர்வோரும் சில நாள் அங்கே தங்கியபின் கூடத்துக்கு வரட்டும்.

நான்காவது, மாதாந்திர மருத்துவ வருகை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுதேடிப் போகிறது; அதே வண்டி இல்லங்களையும் தேடிப் போகட்டும். இன்ஃப்ளூயன்சா முதலிய தடுப்பூசிகள் முதியோருக்கும், தவறாமல் பணியாளருக்கும், அங்கேயே போடப்படட்டும்.

ஐந்தாவது, அச்சமின்றித் தெரிவிக்கும் ஏற்பாடு. மூன்று நாட்களுக்குள் இருவருக்குக் காய்ச்சலோ, திடீர் மனக்குழப்பமோ, உணவு மறுப்போ கண்டால் அன்றே சுகாதார நிலையத்துக்குச் சொல்லவேண்டும். சொன்ன இல்லத்துக்குத் தண்டனை கூடாது, மறைத்த இல்லத்துக்கு வேண்டும். தொற்றுநோயை அறிவிக்கும் கடமையை 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வகுத்த மாநிலம் இது.

ஆறாவது, எத்தகைய நோய்க்காலத்திலும் ஒவ்வொரு முதியவருக்கும் பெயர் குறித்த ஓர் உறவினரையோ நண்பரையோ முகக்கவசத்துடன் அனுமதிக்கும் உரிமை.

ஏழாவது, மரணப் பதிவில் ஒரேயொரு கூடுதல் வரி: இறந்தவர் இல்லவாசியா, அல்லவா. அடுத்த முறையேனும் நாம் அறியாமையால் நிம்மதியாக இருக்கக் கூடாது.

இவற்றுள் எதுவும் கஜானாவைக் காலிசெய்வதன்று. மாவட்ட ஆட்சியர், சமூக நலத்துறை அலுவலர், சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் ஆகிய மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாதியை முடிக்கலாம்.

எஞ்சிய பாதி குடும்பங்களின் கையில் இருக்கிறது. தாயையோ தந்தையையோ ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகின்றவர்கள், சாப்பாடு எப்படி, கோயில் அருகில் உண்டா, டிவி உண்டா என்று விசாரிப்பது வழக்கம். அவற்றோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தால் கூலியோடு லீவு உண்டா? ஜன்னல்கள் திறக்கின்றனவா? சுகாதார நிலையத்துச் செவிலியர் கடைசியாக எப்போது வந்தார்? இம்மூன்றுக்கும் நேரான விடை சொல்லத் தயங்குகின்ற இல்லத்தில், வாயிற்கதவு எவ்வளவு உயரமாக இருந்தாலும், உங்கள் பெற்றோரைச் சேர்க்காதீர்கள்.